மனநலச் சலுகை: பட்டியலில் உள்ளது பணியாளரைச் சென்றடைவது எப்படி? நிறுவனங்கள் கவனிக்க வேண்டியவை

புது தில்லி: பெரிய நிறுவனங்கள் பலவற்றில் புதிதாகப் பணியில் சேருவோருக்கு வழங்கப்படும் சலுகைப் பட்டியலில் 'மனநல ஆதரவு' என்ற வரி இப்போது வழக்கமாக இடம்பெறுகிறது. ஆனால், அந்த வரியின் பொருள் என்ன, சிகிச்சைச் செலவை யார் ஏற்பார்கள், ஆலோசகரிடம் கூறப்படும் தகவல் மேலாளரின் காதுக்குச் செல்லுமா என்ற கேள்விகளுக்குப் பல பணியாளர்களிடம் விடை இல்லை. விடை தெரியாத சலுகையை எவரும் பயன்படுத்துவதில்லை. காப்பீடு, ஆலோசனை, விடுப்பு, பணி நேரம் ஆகியவற்றின் வழியாக நிறுவனங்கள் என்னென்ன செய்ய இயலும், சட்டம் என்ன கூறுகிறது என்பதை இந்தச் செய்தித் தொகுப்பு விளக்குகிறது.

பிரச்சினையின் அளவு என்ன?

பெங்களூரில் உள்ள தேசிய மனநல மற்றும் நரம்பியல் நிறுவனம் (நிம்ஹான்ஸ்) 2015-16ஆம் ஆண்டில் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்புடன் வாழ்கின்றனர். அவர்களில் சிகிச்சை பெறாதோரின் விகிதம், நோயின் தன்மையைப் பொருத்து 70 முதல் 92 சதவீதம் வரை இருப்பதாகவும் அந்தக் கணக்கெடுப்பு தெரிவித்தது. அதாவது, பாதிக்கப்பட்ட பத்துப் பேரில் ஏழு பேருக்குக் குறையாமல் சிகிச்சைக்கு வெளியே இருக்கின்றனர்.

உலக அளவில், மனச்சோர்வாலும் பதற்றக் கோளாறாலும் ஆண்டுதோறும் 1,200 கோடி வேலை நாள்கள் இழக்கப்படுவதாகவும், அதன் பொருளாதார இழப்பு 1 லட்சம் கோடி டாலர் எனவும் உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது. இந்திய நிறுவனங்களைப் பொருத்தவரை, பணியாளர்களின் மனநலக் குறைவால் ஆண்டுக்குச் சுமார் 1,400 கோடி டாலர் இழப்பு ஏற்படுவதாக டெலாய்ட் நிறுவனம் 2022ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை கூறியது. பணிக்கு வராத நாள்கள், பணிக்கு வந்தும் முழுமையாக வேலை செய்ய இயலாத நிலை, பணியிலிருந்து விலகுதல் ஆகிய மூன்றும் இந்தக் கணக்கில் அடங்கும்.

இவற்றில் இரண்டாவதே எளிதில் கண்ணுக்குப் புலப்படாதது. காய்ச்சல் வந்தவர் விடுப்பு எடுக்கிறார். வருகைப் பதிவேட்டில் அது தெரிகிறது. மனச்சோர்வில் இருப்பவர் நாள்தோறும் அலுவலகம் வருகிறார். பதிவேடு நிறைவாக இருக்கிறது. வேலை மட்டும் நடப்பதில்லை. ஆண்டு மதிப்பீட்டின்போது அவர் 'செயல்திறன் குறைந்தவர்' எனக் குறிக்கப்படுகிறார். சிகிச்சை கிடைத்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய வேலையிழப்பு பல நேரங்களில் இப்படித்தான் தொடங்குகிறது.

சட்டம் என்ன கூறுகிறது?

2018ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இதில் அடிப்படையானது. உடல் நோய்களுக்கு எந்த அடிப்படையில் மருத்துவக் காப்பீடு வழங்கப்படுகிறதோ, அதே அடிப்படையில் மனநோய்க்கும் ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் காப்பீடு வழங்க வேண்டும் என அச்சட்டத்தின் 21(4) பிரிவு கூறுகிறது. சிகிச்சை பெறுபவரின் விவரங்களை இரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பதை 23ஆவது பிரிவு உறுதி செய்கிறது.

சட்டம் நடைமுறைக்கு வந்த சில மாதங்களில், 2018 ஆகஸ்டில், இதைப் பின்பற்றுமாறு காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் (ஐஆர்டிஏஐ) சுற்றறிக்கை அனுப்பியது. எனினும் சில நிறுவனங்கள் பழைய விலக்கு விதிகளையே தொடர்ந்தன. மனநோய் சிகிச்சைக்கான தொகையை வழங்க மறுத்த ஒரு வழக்கில், சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்தே காப்பீட்டு நிறுவனங்கள் அதற்குக் கட்டுப்பட்டவை எனத் தில்லி உயர்நீதிமன்றம் 2021ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. 2022 அக்டோபர் 31-க்குள் அனைத்துக் காப்பீட்டுத் திட்டங்களும் மனநோயை உள்ளடக்கியிருக்க வேண்டும் என ஐஆர்டிஏஐ பின்னர் கெடு விதித்தது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 மற்றொரு முக்கியச் சட்டம். அது பட்டியலிடும் 21 வகை மாற்றுத்திறன்களில் மனநோயும் ஒன்று. 20 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட தனியார் நிறுவனங்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு அளிக்கும் வசதிகளைக் குறிப்பிட்டுச் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். மத்திய ஆயுதக் காவல் படை அதிகாரி ஒருவர் தொடர்பான வழக்கில், மனநலப் பாதிப்பு உடையவர் மீது ஒழுங்கு நடவடிக்கை தொடங்குவதே மறைமுகப் பாகுபாடாக அமையக்கூடும் என உச்சநீதிமன்றம் 2021 டிசம்பரில் கூறியது. அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் பிரிக்க முடியாத பகுதி மனநலம் என 2025 ஜூலையில் மற்றொரு வழக்கில் அந்நீதிமன்றம் குறிப்பிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21(4) பிரிவு கடமையை விதிப்பது காப்பீட்டு நிறுவனத்தின் மீதுதானே தவிர, பணி வழங்கும் நிறுவனத்தின் மீது அல்ல. ஆலோசகரை நியமிக்க வேண்டும், மனநல விடுப்பு வழங்க வேண்டும் என்று நாடு தழுவிய சட்டம் எதுவும் தனியார் நிறுவனங்களுக்குக் கட்டளையிடவில்லை. ஆகவே சட்டம் நிற்கும் இடத்திலிருந்துதான் நிறுவனத்தின் சொந்தப் பொறுப்பு தொடங்குகிறது.

குழுக் காப்பீடு: இடைவெளி எங்கே?

'எங்கள் குழுக் காப்பீட்டில் மனநோயும் அடக்கம்' எனப் பல நிறுவனங்கள் கூறுகின்றன. அது உண்மையே. ஆனால் பெரும்பாலான குழுக் காப்பீடுகள், மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டால் மட்டுமே செலவை ஏற்கின்றன. மனச்சோர்வு, பதற்றம், உறக்கமின்மை போன்ற பரவலான பாதிப்புகளுக்கு உள்நோயாளியாகச் சேர வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. மனநல மருத்துவரிடம் மாதம் ஒருமுறை ஆலோசனை, சில மாதங்களுக்கு மருந்து, வாரம் ஒருமுறை உளவியல் சிகிச்சை அமர்வு ஆகியவையே வழக்கமான சிகிச்சை முறை. இவை அனைத்தும் வெளிநோயாளிச் செலவுகள்.

பெருநகரங்களில் தனியார் ஆலோசகரிடம் ஒரு அமர்வுக்கு ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ செலவாகலாம். ஆயிரம் ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும், வாரம் ஒன்று வீதம் மூன்று மாதங்களுக்கு 12 அமர்வுகள் என்றால், 12,000 ரூபாயைப் பணியாளர் தம் கையிலிருந்து தர வேண்டும். மருந்துச் செலவு தனி. காப்பீடு இருந்தும் அவருக்கு ஒரு ரூபாய்கூடத் திரும்பக் கிடைக்காது. உடல் நோய்க்கும் வெளிநோயாளிச் செலவு தரப்படாததால், 'ஒரே அடிப்படை' என்ற சட்ட நிபந்தனை ஏட்டளவில் நிறைவேறிவிடுகிறது. நோயாளிக்கு மட்டும் பயன் கிட்டுவதில்லை.

எனவே குழுக் காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது நிறுவனங்கள் நான்கு அம்சங்களைப் பேசி முடிவு செய்யலாம்.

முதலாவது, வெளிநோயாளி மனநல ஆலோசனைக்கெனத் தனி வரம்பைச் சேர்ப்பது. முழுமையான வெளிநோயாளிக் காப்பீடு செலவு மிக்கது. மனநலத்துக்கு மட்டும் ஆண்டுக்கு இத்தனை அமர்வுகள் அல்லது இத்தனை ரூபாய் என வரம்பிட்டுச் சேர்ப்பது ஒப்பீட்டளவில் எளிது.

இரண்டாவது, ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலத்தை நீக்குவது. தனிநபர் பாலிசிகளில் இது மூன்று ஆண்டுகள் வரை இருக்கலாம். குழுக் காப்பீட்டில் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு அளிக்க நிறுவனம் கோர முடியும்.

மூன்றாவது, துணை வரம்புகளைச் சரிபார்ப்பது. காப்பீட்டுத் தொகை 5 லட்சம் ரூபாயாக இருந்து, மனநோய்க்கு மட்டும் அதில் ஒரு சிறு பகுதி என வரம்பிடப்பட்டிருந்தால், அது சட்டத்தின் நோக்கத்துக்கு ஏற்றதா என நிறுவனம் கேள்வி எழுப்ப வேண்டும்.

நான்காவது, விலக்குப் பட்டியலைப் படிப்பது. மது, போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் 2017ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவருகிறது. ஆனால் பல பாலிசிகளில் போதை மீட்புச் சிகிச்சை விலக்குப் பட்டியலில் உள்ளது. உதவி தேவைப்படும் பணியாளர் கேட்கத் தயங்கும் சிகிச்சையும் இதுவே என்பதால், நிறுவனமே முன்வந்து இதற்கு வழி செய்வது பயனளிக்கும்.

பணியாளர் உதவித் திட்டம் என்பது என்ன?

நிறுவனம் ஒரு வெளி அமைப்புடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, பணியாளர்களுக்கும் அவர்களின் குடும்பத்தினருக்கும் தொலைபேசி, காணொலி அல்லது நேரடிச் சந்திப்பு மூலம் கட்டணமின்றி ஆலோசனை பெற்றுத் தருவதே பணியாளர் உதவித் திட்டம். ஆண்டுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான அமர்வுகள் இலவசமாகக் கிடைக்கும். குடும்பச் சிக்கல், கடன் சுமை, துயர இழப்பு போன்றவற்றுக்கும் இதில் ஆலோசனை பெறலாம்.

இத்திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஆலோசகர்களின் தகுதியை நிறுவனம் சரிபார்க்க வேண்டியது அவசியம். மருத்துவ உளவியலாளர்கள் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். மருந்து பரிந்துரைக்கும் தகுதி மனநல மருத்துவர்களுக்கு உண்டு, ஆலோசகர்களுக்கு இல்லை. தீவிரப் பாதிப்பு தெரிந்தால் ஆலோசகர் யாரிடம் அனுப்புவார், அந்தச் செலவை யார் ஏற்பார் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். இல்லையெனில், இலவச அமர்வுகள் தீர்ந்த நாளில் நோயாளி நடுவழியில் விடப்படுவார்.

மொழியும் ஒரு தடையாகலாம். ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதும் ஒருவர், தம் தந்தையின் மரணத்தைப் பற்றியோ மணவாழ்க்கைச் சிக்கலைப் பற்றியோ ஆங்கிலத்தில் பேச விரும்புவார் எனக் கருத இயலாது. ஒரு நிறுவனத்தின் கிளைகள் சென்னை, கொல்கத்தா, இந்தூர் என விரிந்திருந்தால், தமிழிலும் வங்காளியிலும் இந்தியிலும் பேசக்கூடிய ஆலோசகர்கள் இருக்கின்றனரா என்பது ஒப்பந்தத்துக்கு முன்னரே கேட்கப்பட வேண்டும்.

இரகசியம் காக்கப்படுமா?

ஆலோசனை இலவசமாகக் கிடைத்தும் பணியாளர்கள் தயங்குவதற்கு முக்கியக் காரணம், 'நான் பேசியது மனிதவளத் துறைக்குத் தெரிந்துவிடுமோ' என்ற அச்சம். பதவி உயர்வு தடைபடலாம், ஆட்குறைப்பின்போது தம் பெயர் முதலில் வரலாம் என அவர்கள் எண்ணுகின்றனர். நிறுவனம் இந்த அச்சத்தைப் போக்காதவரை, பணம் கொடுத்து வாங்கிய சேவை பயனின்றிக் கிடக்கும்.

எத்தனை பேர் சேவையைப் பயன்படுத்தினர் என்ற மொத்த எண்ணிக்கையை மட்டுமே நிறுவனம் பெற வேண்டும். பெயர், துறை, பிரச்சினையின் தன்மை ஆகியவை நிறுவனத்துக்கு வரக் கூடாது. ஐந்து பேர் மட்டுமே உள்ள ஒரு பிரிவில் 'ஒருவர் ஆலோசனை பெற்றார்' எனத் துறைவாரியாக அறிக்கை அளித்தாலே அடையாளம் வெளிப்பட்டுவிடும் என்பதையும் கருத வேண்டும். அலுவலக மின்னஞ்சல் முகவரி கொண்டு பதிவு செய்ய வேண்டிய செயலிகளைவிட, சொந்தக் கைப்பேசி எண்ணில் இயங்கும் சேவைகள் நம்பிக்கையை வளர்க்கும். எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-க்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்ட நிலையில், பணியாளர்களின் உடல்நலத் தரவுகளைக் கையாளும் முறையை நிறுவனங்கள் மறுஆய்வு செய்ய வேண்டியுள்ளது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஒருவர் தமக்கோ பிறருக்கோ உடனடித் தீங்கு இழைக்கக்கூடும் எனத் தெரிந்தால் ஆலோசகர் உதவியை நாடுவார். இதையும் மறைக்காமல் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிப்பதே நேர்மையான நடைமுறை.

விடுப்பும் பணிக்குத் திரும்புதலும்

தற்போதுள்ள மருத்துவ விடுப்பையே மனநலக் காரணங்களுக்கும் பயன்படுத்தலாம் என எழுத்தில் உறுதி செய்வது, செலவில்லாத முதல் நடவடிக்கை. மருத்துவச் சான்றிதழில் நோயின் பெயர் இடம்பெற வேண்டும் எனக் கட்டாயப்படுத்தாமல், 'இத்தனை நாள்கள் ஓய்வு தேவை' என்ற பதிவு பெற்ற மருத்துவரின் சான்று போதும் என விதியை மாற்றினால், தயக்கம் பெருமளவு குறையும்.

சில நிறுவனங்கள் வேறு வழிகளையும் கையாண்டுள்ளன. மின்வணிக நிறுவனமான மீஷோ, 2022ஆம் ஆண்டு பண்டிகைக் கால விற்பனை முடிந்ததும் அக்டோபர் 22 முதல் நவம்பர் 1 வரை 11 நாள்களுக்கு நிறுவனம் முழுமைக்கும் விடுமுறை அளித்தது. அனைவரும் ஒரே நேரத்தில் ஓய்வெடுப்பதால், திரும்பி வரும்போது மலைபோல் வேலை குவிந்திருப்பதில்லை என்பது இதன் சிறப்பு. விடுமுறையில் இருக்கும் சக பணியாளரைப் பணி நிமித்தம் தொடர்பு கொண்டால் சுமார் 1 லட்சம் ரூபாய் அபராதம் என்ற விதியை டிரீம்11 நிறுவனம் வைத்திருந்ததும் 2022 இறுதியில் செய்தியானது.

நீண்ட விடுப்புக்குப் பின் ஒருவர் பணிக்குத் திரும்பும் காலம் நுட்பமானது. முதல் சில வாரங்களுக்குக் குறைந்த நேரப் பணி, இரவுப் பணியிலிருந்து விலக்கு, மருந்தின் தாக்கத்தால் காலையில் எழ இயலாதவருக்குத் தாமதமாகத் தொடங்கும் பணி நேரம், வாரம் சில நாள்கள் வீட்டிலிருந்து வேலை போன்ற மாற்றங்கள் பெரும் செலவு பிடிப்பவை அல்ல. மனநலப் பாதிப்புடன் பணிக்குத் திரும்புவோருக்கு இத்தகைய மாற்றங்களையும் படிப்படியான பணித் திரும்பலையும் உலக சுகாதார அமைப்பு 2022 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டி பரிந்துரைக்கிறது.

மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வும் கவனத்துக்குரியது. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 26 வாரங்கள் மகப்பேறு விடுப்பும், 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பக வசதியும் கட்டாயம். காப்பகம் இல்லாத இடத்தில் பணிக்குத் திரும்பும் தாய்க்கு ஆலோசனைச் செயலி மட்டும் போதுமான உதவியாகாது.

இஎஸ்ஐ: அதிகம் அறியப்படாத உரிமை

மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் தொழிலாளர்கள் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் (இஎஸ்ஐ) கீழ் வருகின்றனர். ஊதியத்தில் நிறுவனம் 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் செலுத்துகின்றனர். இதில் வெளிநோயாளி சிகிச்சையும் அடக்கம் என்பதால், இந்த ஓர் அம்சத்தில் தனியார் குழுக் காப்பீட்டைவிட இது விரிவானது.

சான்றளிக்கப்பட்ட நோய்க்காலத்தில் ஆண்டுக்கு அதிகபட்சம் 91 நாள்களுக்கு ஊதியத்தில் 70 சதவீதம் நோய்க்காலப் பணப்பயனாக வழங்கப்படுகிறது. நீண்டகால நோய்கள் 34-க்கு 80 சதவீத வீதத்தில் இரண்டு ஆண்டுகள் வரை இப்பயன் நீட்டிக்கப்படலாம். மனச்சிதைவு, இருதுருவ மனநிலைக் கோளாறு, தீவிர மனச்சோர்வு வகை ஆகிய மனநோய்கள் அந்த 34 நோய்களின் பட்டியலில் உள்ளன.

எடுத்துக்காட்டாக, மாதம் 18,000 ரூபாய் ஊதியம் பெறும் தொழிலாளிக்கு நாள் ஊதியம் சுமார் 600 ரூபாய் எனக் கொண்டால், நோய்க்காலத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 420 ரூபாய் கிடைக்கும். நீட்டிக்கப்பட்ட பயன் என்றால் ஏறத்தாழ 480 ரூபாய். குடும்பத்தின் அடுப்பு எரிய இது போதுமா என்பது வேறு கேள்வி. ஆனால் சிகிச்சைக்காக வேலையை விட்டுவிட வேண்டும் என்ற நிலை இல்லை என்பதை ஒரு தொழிலாளி அறிந்திருப்பது முக்கியம். உரிய சந்தா நாள்கள் இருந்தால்தான் இப்பயன் கிடைக்கும் என்பதால், நிறுவனம் சந்தாவைத் தவறாமல் செலுத்துவதும், இந்த உரிமையை உள்ளூர் மொழியில் அறிவிப்பதும் மனநல ஆதரவின் ஒரு பகுதியே.

செயலிகள் மட்டும் போதுமா?

பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 பணியாளர்களின் கணக்கெடுப்புத் தரவுகளை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் வில்லியம் ஃபிளெமிங் ஆராய்ந்தார். மனநலச் செயலிகள், மன அழுத்த மேலாண்மைப் பயிற்சி, தியான வகுப்புகள் போன்ற தனிநபர் சார்ந்த திட்டங்களில் பங்கேற்றவர்கள், பங்கேற்காதவர்களைவிட மேம்பட்ட நிலையில் இல்லை என 2024 ஜனவரியில் வெளியான அவரது ஆய்வு கூறியது. தன்னார்வத் தொண்டு வாய்ப்பு மட்டுமே அதற்கு விதிவிலக்கு. பணியின் அமைப்பை மாற்றாமல் பணியாளரை மட்டும் மாற்ற முயல்வதன் வரம்பை இந்த முடிவு காட்டுகிறது.

அளவுக்கு மீறிய பணிச்சுமை, நீண்ட பணி நேரம், தம் வேலையில் தமக்கே கட்டுப்பாடு இல்லாத நிலை, வேலை நிலையின்மை, பாகுபாடு, துன்புறுத்தல் ஆகியவற்றைப் பணியிட மனநலத்துக்கான ஆபத்துகளாக உலக சுகாதார அமைப்பு பட்டியலிடுகிறது. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவரோடு ஒப்பிட்டால், 55 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்பவருக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என அந்த அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வு தெரிவித்தது.

இந்தியாவில் இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி 2023 அக்டோபரில் கூறியதிலிருந்து இந்த விவாதம் தணியவில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், தொழிலாளர்களுக்கு வாரம் 48 மணி நேர வரம்பையும், கூடுதல் நேரத்துக்கு இருமடங்கு ஊதியத்தையும் கூறுகின்றன. ஆனால் மேலாளர் நிலையில் உள்ளவர்கள் 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் வருவதில்லை. பணி நேரத்துக்குப் பின் வரும் அழைப்புகளையும் மின்னஞ்சல்களையும் புறக்கணிக்கும் உரிமையை வழங்கும் தனிநபர் மசோதாவை மக்களவை உறுப்பினர் சுப்ரியா சுலே முன்வைத்துள்ளார், அது சட்டமாகவில்லை. பிரான்சில் 2017 முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும் இத்தகைய சட்டம் நடைமுறையில் உள்ளது.

சட்டத்துக்குக் காத்திராமல் நிறுவனமே இதைச் செய்ய முடியும். இரவு 8 மணிக்குப் பின் அனுப்பப்படும் மின்னஞ்சலுக்கு மறுநாள் பதிலளித்தால் போதும் என்ற விதி, எடுக்கப்படாத விடுப்புகளை மேலாளரின் மதிப்பீட்டில் சேர்ப்பது, காலியிடங்களை உரிய காலத்தில் நிரப்புவது ஆகியவை அவற்றுள் சில. மேலாளர்களுக்குப் பயிற்சி அளிப்பதும் உலக சுகாதார அமைப்பின் பரிந்துரைகளில் ஒன்று. மேலாளர் நோயைக் கண்டறிய வேண்டியதில்லை. மாற்றத்தைக் கவனிப்பது, தனிமையில் விசாரிப்பது, தீர்ப்புக் கூறாமல் கேட்பது, உதவி கிடைக்கும் இடத்தைக் காட்டுவது ஆகிய நான்குமே அவரது பொறுப்பு.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013-இன்படி 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் இடங்களில் உள்புகார்க் குழு கட்டாயம். இழப்பீட்டை நிர்ணயிக்கும்போது பாதிக்கப்பட்ட பெண்ணின் மன அதிர்ச்சியையும் வேதனையையும் கருத வேண்டும் என அச்சட்டம் கூறுகிறது. இக்குழு பெயரளவில் இயங்கும் நிறுவனத்தில் வேறெந்த மனநலத் திட்டமும் நம்பகத்தன்மை பெறாது.

சிறு நிறுவனங்கள் என்ன செய்யலாம்?

முப்பது பேர் பணியாற்றும் அச்சகமோ, பின்னலாடைப் பட்டறையோ ஆலோசனை அமைப்புடன் ஒப்பந்தம் செய்துகொள்ளும் நிலையில் இல்லாமல் இருக்கலாம். நாட்டில் ஒரு லட்சம் மக்களுக்கு 0.75 மனநல மருத்துவர்களே உள்ளனர்; குறைந்தது 3 பேர் தேவை எனக் கருதப்படுகிறது. இந்தப் பற்றாக்குறையில் சிறு நகரங்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்விடத்தில் அரசின் சேவைகள் கைகொடுக்கும். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' சேவையில் 14416 என்ற எண்ணில், தமிழ் உள்ளிட்ட 20 மொழிகளில், 24 மணி நேரமும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். இதுவரை 20 லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் இச்சேவைக்கு வந்துள்ளன. தேவைப்படுவோர் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் இயங்கும் அரசு மருத்துவமனைகளுக்கு வழிகாட்டப்படுகின்றனர். இந்த எண்ணை ஊதியச் சீட்டின் பின்புறம் அச்சிடுவதற்கும், மருத்துவமனை செல்ல அரை நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்பு அளிப்பதற்கும் பெரிய முதலீடு தேவையில்லை. ஊதியத்தை மாதந்தோறும் குறித்த நாளில் வழங்குவதும், முன்பணம் கேட்பவரை அவமதிக்காமல் நடத்துவதும் கடன் சுமையால் வரும் மன அழுத்தத்தைக் குறைக்கும்.

வெளியே நிற்பவர்கள் யார்?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நாட்டில் தற்கொலை செய்துகொண்ட 1,70,924 பேரில் 26.4 சதவீதத்தினர் தினக்கூலித் தொழிலாளர்கள். அதாவது நான்கில் ஒருவருக்கும் மேல். குழுக் காப்பீடும் ஆலோசனைச் செயலியும் சென்றடையாத பிரிவினர் இவர்களே.

செயலி வழிப் பணியாளர்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. 2020-21இல் 77 லட்சமாக இருந்த இவர்களின் எண்ணிக்கை 2029-30இல் 2.35 கோடியாக உயரும் என நீதி ஆயோக் மதிப்பிட்டுள்ளது. இவர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிதிக்கு நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை வழங்க வேண்டும் எனச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு கூறுகிறது. அந்த நிதியிலிருந்து உருவாகும் திட்டங்களில் மனநல சிகிச்சையும் இடம்பெறுமா என்பது இனி வகுக்கப்படும் திட்டங்களைப் பொருத்தது.

நிறுவனங்கள் தங்கள் அளவில் ஒன்றைச் செய்யலாம். ஒரே வளாகத்தில் பணியாற்றும் காவலர், தூய்மைப் பணியாளர், ஓட்டுநர் ஆகியோர் ஒப்பந்ததாரரின் ஆள்கள் என்பதால் ஆலோசனைச் சேவைக்கு வெளியே நிறுத்தப்படுகின்றனர். அவர்களையும் அதே ஒப்பந்தத்தில் சேர்ப்பதற்கு நிறுவனம் முடிவெடுத்தாலே போதும்.

பணியாளர்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

* நிறுவனத்தின் குழுக் காப்பீடு மனநலத்துக்கான வெளிநோயாளிச் செலவை ஏற்கிறதா? எவ்வளவு வரை?
* ஏற்கெனவே சிகிச்சை பெற்று வருபவருக்குக் காத்திருப்புக் காலம் உண்டா?
* ஆலோசனை அமர்வுகள் எத்தனை? குடும்பத்தினருக்கும் கிடைக்குமா? எந்தெந்த மொழிகளில்?
* ஆலோசனை குறித்த எந்தத் தகவல் நிறுவனத்துக்குச் செல்கிறது?
* மனநலக் காரணத்துக்காக மருத்துவ விடுப்பு எடுத்தால், சான்றிதழில் நோயின் பெயர் தேவையா?
* பணியிலிருந்து விலகினால், நடுவில் நிற்கும் சிகிச்சைக்கு என்ன வழி?

இந்த ஆறு கேள்விகளுக்கும் எழுத்தில் விடை தரக்கூடிய நிறுவனத்தில், சலுகை பணியாளரைச் சென்றடையும் வாய்ப்பு அதிகம். மனச்சோர்வுக்கும் பதற்றக் கோளாறுக்கும் சிகிச்சையில் முதலீடு செய்யப்படும் ஒவ்வொரு டாலரும், மேம்பட்ட உடல்நலமாகவும் உற்பத்தித் திறனாகவும் 4 டாலரைத் திருப்பித் தருவதாக உலக சுகாதார அமைப்பின் தலைமையில் நடந்த 2016ஆம் ஆண்டு ஆய்வு கணக்கிட்டது. ஆனால் பயன்படுத்தப்படாத சலுகை அந்த வருவாயைத் தராது.

(மன அழுத்தமோ தற்கொலை எண்ணமோ இருப்பவர்கள் 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.)